ரூம்மேட் பணம் தராமல் கிளம்பிவிட்டாரா? ஒன்டாரியோவில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவது எப்படி

கனடாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ நாலு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து தங்கும் எல்லாருக்கும் இந்தத் தலைவலி ஒருநாள் வரலாம். கூட இருந்தவர் இரண்டு மாத வாடகைப் பங்கைத் தராமல் போய்விடுவார். அல்லது “சம்பளம் வந்ததும் தர்றேன்” என்று வாங்கிய கைமாற்று வராது. ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், உங்கள் பெயரில் இருக்கும், அவர் நம்பர் பிளாக் ஆகியிருக்கும்.

இதற்கென்றே இருப்பது ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். ஒன்டாரியோ உயர் நீதிமன்றத்தின் ஒரு கிளைதான் அது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2020 முதல் 35,000 டாலர் வரை அங்கே கேட்கலாம் என்று இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அந்த உச்சவரம்பு 50,000 டாலர். ரூம்மேட் தகராறு எதுவும் அந்த அளவுக்குப் போகாது, கவலை வேண்டாம். ஸ்டடி பெர்மிட்டில் இருக்கிறவரும் வழக்குப் போடலாம். வழக்குப் போட பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நீதிமன்றத்தில் ஜெயிப்பது பாதி வேலைதான். தீர்ப்பு கையில் கிடைத்த பிறகும் பணத்தை வசூலிப்பது உங்கள் பொறுப்பு. நீதிமன்றம் வாங்கித் தராது. அதனால் “நான் ஜெயிப்பேனா” என்று கேட்பதற்கு முன்னால் “அவர் எங்கே வேலை செய்கிறார், எந்த பேங்கில் கணக்கு வைத்திருக்கிறார்” என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தைரியமாக இறங்கலாம். ஊரை விட்டே போய், வேலையும் இல்லாமல் இருப்பவர் மேல் 400 டாலருக்கு வழக்குப் போடுவது என்னைக் கேட்டால் வீண்.

எங்கே போகக் கூடாது

போலீசுக்குப் போனால் “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்புவார்கள். லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டும் இதற்கு இல்லை. வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இடையே வரும் சண்டைக்குத்தான் அது. ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் வைத்த கணக்கு அங்கே எடுபடாது.

லீஸில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக அப்படிப்பட்ட லீஸில் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பொறுப்பு. “என் பங்கை நான் கட்டிவிட்டேன்” என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு முழுதையும் கட்டிவிட்டு, போனவரின் பங்கைப் போனவரிடமே கேட்டு வழக்குப் போடுவதுதான் முறை. கட்டிய ரசீது பத்திரம்.

அவர் விட்டுப்போன சாமான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு “பணம் கொடு, பெட்டியைத் தர்றேன்” என்று பேரம் பேசாதீர்கள். எதிர்வழக்குக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஃபேஸ்புக் குரூப்பில் படத்தைப் போட்டு “இவரை நம்பாதீர்கள்” என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம்.

காலக்கெடு

ஒன்டாரியோவில் பொதுவாக இரண்டு வருடம். பணம் வர வேண்டியது வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். “எப்போ முடியுமோ அப்போ தா” என்று நாள் குறிக்காமல் கொடுத்த கைமாற்றுக்குக் கணக்கு வேறு: நீங்கள் திருப்பிக் கேட்டு, அவர் தராமல் போன நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். இடையில் அவர் கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ கடிகாரம் புதிதாக ஓடும். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஊர்க்காரன், நண்பனின் நண்பன் என்று தயங்கித் தயங்கியே இரண்டு வருடத்தைத் தாண்டவிட்டவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கணக்கை முதலில் எழுதுங்கள்

“ஏறக்குறைய மூவாயிரம் வரும்” என்று போய் நிற்க முடியாது. ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு, மூன்று பேர் இருந்த வீடு, மாத வாடகை 2,700, ஆளுக்கு 900:

பிப்ரவரி, மார்ச் வாடகைப் பங்கு: 1,800.00
ஹைட்ரோ, இன்டர்நெட் பங்கு: 132.40
ஜனவரியில் டிக்கெட்டுக்குக் கொடுத்த கைமாற்று: 600.00
கூட்டினால்: 2,532.40
அவர் இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பியது: 200.00
அவர் சம்மதத்தோடு அவருடைய சோஃபாவை விற்றதில் வந்தது: 150.00
பாக்கி: 2,182.40

கடைசி மூன்று வரிகள் முக்கியம். அவருக்குச் சேர வேண்டியதைக் கழித்துக் காட்டியிருந்தால் நீதிபதிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். கழிக்காமல் விட்டால் எதிராளி அதைத்தான் முதலில் எடுத்துச் சொல்வார், அப்புறம் உங்கள் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும். “மன உளைச்சலுக்கு 5,000” என்று சேர்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கீழே சொல்கிறேன்.

ஆதாரம்

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். அதை வாட்ஸப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பார்த்துக்கொள்ளும். இ-டிரான்ஸ்ஃபர் போன தேதி, தொகை, பெறுபவர் பெயர் தெரியும் பக்கம்; லீஸ்; பில்கள்; வீட்டுக்காரருக்குக் கட்டிய ரசீது. அரட்டையைத் துண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அவருடைய நம்பரும் தேதியும் தெரிய வேண்டும். நடுவில் நாலு வரி காணாமல் இருந்தால் அந்த நாலு வரியில் என்ன இருந்தது என்ற கேள்விதான் வரும்.

கைமாற்று வழக்கில் எதிராளி வழக்கமாகச் சொல்வது, “அது கடன் இல்லை, உதவியாகக் கொடுத்தார்” என்பது. அதை உடைக்க ஒரே ஒரு வரி போதும். “அண்ணா, இந்த மாசம் டைட், அடுத்த பதினஞ்சாம் தேதி அறுநூறும் போட்டுடறேன்” என்று அவர் எழுதியிருந்தால், திருப்பித் தர வேண்டிய பணம் என்பதும் தொகையும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த வரி தமிழில் இருக்கிறதே! நீதிமன்ற மொழி ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். தமிழிலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ இருக்கும் செய்திகளை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள். அதனால் இருநூறு பக்க அரட்டையை மொழிபெயர்க்கக் கொடுக்காமல், தேவையான பக்கங்களை மட்டும் கொடுங்கள். இதைவிடச் சுலபமான வழி, பேச்சுவார்த்தை இன்னும் முறியாமல் இருக்கும்போதே அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு இமெயில் போடுவது: “நீங்கள் எனக்கு 2,182.40 டாலர் தர வேண்டும், கணக்கு இதோ, சரிதானே?” அவர் ஆங்கிலத்தில் “சரி, ஒரு மாதம் டைம் கொடுங்கள்” என்று பதில் போட்டால் உங்கள் வழக்கில் பாதி அங்கேயே முடிந்தது.

கடைசிக் கடிதம்

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள். நீளம் வேண்டாம், திட்டும் வேண்டாம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள்பட இருந்தால் போதும்:

“நாம் சேர்ந்து தங்கிய வீட்டின் பிப்ரவரி, மார்ச் வாடகைப் பங்கு, பில்கள், ஜனவரியில் கொடுத்த கடன் ஆகியவற்றில் பாக்கி 2,182.40 டாலர். கணக்கை இணைத்திருக்கிறேன். வரும் 30ஆம் தேதிக்குள் இந்த இமெயிலுக்கு இ-டிரான்ஸ்ஃபர் செய்யவும். தவணையாகக் கட்ட விரும்பினால் அதற்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையென்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் பதிவு செய்வேன். கட்டணமும் வட்டியும் சேர்த்துக் கேட்பேன்.”

சிவில் வழக்குப் போடுவேன் என்று சொல்வது மிரட்டிப் பணம் பறிப்பதாக ஆகாது என்று கனடா குற்றவியல் சட்டமே சொல்கிறது. “இமிக்ரேஷனில் சொல்லி உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்” என்று எழுதினால் கதை வேறு. கோபத்தில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டால், வழக்கில் நீங்கள் பதில் சொல்லும் நிலைமை வந்துவிடும்.

பொதுவான நண்பர் யாராவது நடுவில் பேசி முடித்தால் நல்லதுதான். முடிந்ததை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வழக்குப் பதிவு

நிரப்ப வேண்டியது படிவம் 7ஏ, வாதியின் கோரிக்கை. ஆன்லைனில் பதிவு செய்யலாம். நேரில் நீதிமன்ற அலுவலகத்திலும் கொடுக்கலாம். எப்போதாவது வழக்குப் போடும் தனியாளுக்குக் கட்டணம் 108 டாலர். வருடத்துக்குப் பத்து வழக்கு போடுகிறவர்களுக்கு அதிகம். கையில் காசே இல்லாத குறைந்த வருமானக்காரர்கள் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

எந்த ஊர் நீதிமன்றம்? விவகாரம் நடந்த இடத்துக்கு உரியது, அல்லது எதிராளி இப்போது குடியிருக்கும் இடத்துக்கு உரியது. அவர் வேலை கிடைத்து கால்கரிக்குப் போயிருந்தாலும், நடந்தது ஒன்டாரியோவில் என்றால் இங்கேயே போடலாம். வசூலுக்கு மட்டும் தீர்ப்பை அந்த மாகாணத்தில் பதிவு செய்து தொடர வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் பெயர். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்திருப்போம். அவர் நமக்கு “குட்டி”யாகவே இருந்திருப்பார். பாஸ்போர்ட்டில் முதற்பெயராக அப்பா பெயர் இருக்கலாம், இனிஷியல் விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கலாம், ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கலாம். தீர்ப்பில் இருக்கும் பெயரும் பேங்க் கணக்கில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை என்றால் பின்னால் வசூலுக்குப் போகும்போது தடங்கல் வரும். லீஸ், இ-டிரான்ஸ்ஃபர் ரசீது, அவர் பெயரில் வந்த தபால் இவற்றைப் பார்த்துச் சட்டப்படியான பெயரை எழுதுங்கள்.

என்ன நடந்தது என்று எழுதும் பகுதியில் தேதிவாரியாக, எண் போட்டு, ஒரு பத்திக்கு ஒரு விஷயம். அவருடைய குணம், குடி, சமையலறையை அவர் வைத்திருந்த லட்சணம் எதுவும் வேண்டாம். வட்டியும் செலவும் வேண்டும் என்று கேட்க மறக்காதீர்கள். ஆதாரங்களின் நகலைப் படிவத்தோடேயே இணைத்துவிட வேண்டும்.

எதிராளியிடம் சேர்ப்பது

நீதிமன்றம் முத்திரையிட்டுக் கொடுத்த கோரிக்கையை அவரிடம் சேர்ப்பதும் உங்கள் வேலைதான். ஆறு மாதத்துக்குள் சேர்க்க வேண்டும். நேரில் கையில் கொடுக்கலாம். அல்லது அவர் குடியிருக்கும் வீட்டில் உள்ள வயது வந்தவர் ஒருவரிடம், எதிராளியின் பெயரிட்டு மூடிய உறையில் கொடுத்துவிட்டு, அதே நாளோ மறுநாளோ இன்னொரு நகலைத் தபாலில் அனுப்பலாம். இப்படிச் செய்தால் தபால் போட்ட ஐந்தாம் நாள் சேர்ந்ததாகக் கணக்கு. ரெஜிஸ்டர்ட் தபாலோ கூரியரோ அனுப்பினால் அவரே கையெழுத்திட்டு வாங்கியதற்கான அத்தாட்சி வேண்டும். வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினால் சேர்த்ததாக ஆகாது.

நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் சண்டை போட்டுப் பிரிந்தவர் வாசலில் போய் நிற்பதைவிட, நண்பரையோ இதற்கென்று காசு வாங்கிச் செய்பவரையோ அனுப்புவது நிம்மதி. யார் கொடுத்தாரோ அவர்தான் படிவம் 8ஏயில் எப்போது, எங்கே, எப்படிக் கொடுத்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

அவர் பதில் போட 20 நாள்

சேர்ந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் அவர் படிவம் 9ஏயில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரியும்.

அவர் பேசாமலே இருந்துவிட்டால் படிவம் 9பியில், பதில் தராதவர் என்று குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் கேட்டது வாடகை, பில், கடன் போன்ற திட்டமான தொகையாக இருந்தால் விசாரணையே இல்லாமல் அலுவலகமே தீர்ப்பு போட்டுத் தரும். மன உளைச்சல் போன்ற மதிப்பிட வேண்டிய தொகையைச் சேர்த்திருந்தால் அதற்கு நீதிபதி முன் போயாக வேண்டும். மேலே சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான்.

அவர் கடனை ஒப்புக்கொண்டு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று பதிலில் எழுதலாம். தவணை நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மாதம் 20 டாலர் என்று எழுதியிருந்தால் 20 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

மூன்றாவது, மறுப்பது. கூடவே உங்கள் மேலேயே ஒரு கோரிக்கையும் வைக்கலாம். பதறாதீர்கள், அதற்கு நீங்களும் பதில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சமரசக் கூட்டம்

மறுத்து பதில் வந்தால், விசாரணைக்கு முன் செட்டில்மென்ட் கான்ஃபரன்ஸ் கட்டாயம். பெரும்பாலும் வீடியோவிலேயே நடக்கும். அதற்கு 14 நாள் முன்னதாக உங்கள் ஆவணங்களையும் சாட்சிப் பட்டியலையும், படிவம் 13ஏ, அவருக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த முழு நடைமுறையிலும் பயனுள்ள ஒரு மணி நேரம் இதுதான் என்பேன். துணை நீதிபதி ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “விசாரணைக்குப் போனால் இது நிற்கும், இது நிற்காது” என்று வெளிப்படையாகச் சொல்வார். இங்கே பேசியது ரகசியம். விசாரணையில் எடுத்துச் சொல்லக் கூடாது, விசாரிக்கப் போவதும் அவர் இல்லை. உங்கள் ஹைட்ரோ கணக்கு பலவீனம் என்று அவர் சொன்னால் முகத்தைத் தூக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். 2,182 கேட்டவர் 1,800க்கு, அதுவும் மூன்று தவணையில், சம்மதித்துவிட்டு வெளியே வருவது நல்ல முடிவு. சம்மதித்தால் எந்தத் தேதி, எவ்வளவு, தவணை தவறினால் முழுத் தொகைக்கும் தீர்ப்பு என்பது வரை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறவர்கள் நோட்டீஸ் வந்தவுடனேயே நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் கேட்டால் நடக்காது.

விசாரணை

சமரசம் ஆகவில்லை என்றால் விசாரணைத் தேதி தானாக வராது. நீங்கள் கேட்டு, கட்டணம் கட்டினால்தான் வரும். அது முந்நூறு டாலரைத் தாண்டும். ஜெயித்தால் கட்டிய கட்டணங்களையும் அவர் தலையில் போடும்படி கேட்கலாம் என்றாலும், கையிலிருந்து முதலில் போவது உங்கள் பணம். சின்னத் தொகைக்கு இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக எல்லா ஆவணமும் அவர் கையில் இருக்க வேண்டும். அன்றைக்கு முதலில் பேசுவது நீங்கள். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். பக்க எண் போட்ட கட்டு, அதில் முதல் தாளாக அந்தக் கணக்கு. “யுவர் ஆனர்” என்று அழைத்து, கேட்டதற்கு மட்டும் பதில். அவர் பொய் சொல்லும்போது நடுவில் குறுக்கிடத் துடிக்கும். குறித்து வைத்துக்கொண்டு உங்கள் முறை வரும்போது கேளுங்கள்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற பாராலீகல் (வக்கீல் அல்லாத சட்ட உதவியாளர்) போதும். உரிமம் தரும் அமைப்பான லா சொசைட்டியின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஜெயித்தாலும் அவருடைய ஃபீஸ் முழுதும் திரும்பி வராது. கேட்ட தொகையில் 15 சதவீதம்தான் பொதுவான உச்சவரம்பு. லா சொசைட்டியின் பரிந்துரைச் சேவை மூலம் போனால் முதல் ஆலோசனை அரை மணி வரை இலவசம். ப்ரோ போனோ ஒன்டாரியோவின் இலவசத் தொலைபேசி ஆலோசனையும் இருக்கிறது.

தீர்ப்புக்கு அப்புறம்

சிலர் தீர்ப்பைப் பார்த்ததும் கட்டிவிடுவார்கள். கட்டாதவரிடம் நல்ல ஆயுதம் கார்னிஷ்மென்ட், அதாவது சம்பளத்திலிருந்தோ பேங்க் கணக்கிலிருந்தோ பிடித்தம் செய்வது. நீதிமன்ற நோட்டீஸ் நேராக அவருடைய கம்பெனிக்குப் போகும். வரி முதலியவை போக வரும் நிகரச் சம்பளத்தில் 20 சதவீதம் வரை பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து உங்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்கு 1,500 நிகரச் சம்பளம் என்றால் ஒவ்வொரு தடவையும் 300. நம் உதாரணக் கடன் எட்டாவது சம்பளத்துக்குள் தீர்ந்துவிடும். பேங்க் கணக்குக்கும் நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் எந்தக் கிளை என்று தெரிய வேண்டும். எப்போதாவது அவர் கொடுத்த காசோலை இருந்தால் அதன் அடியில் இருக்கும் எண்ணிலேயே கிளை தெரியும், தூக்கிப் போடாதீர்கள். எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ், அரசு உதவித்தொகை ஆகியவற்றைப் பிடிக்க முடியாது.

வேலை, கணக்கு எதுவும் தெரியாவிட்டால் பரிசோதனை விசாரணைக்கு அவரை அழைக்கலாம். வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியத்தின் பேரில் சொல்ல வேண்டும். வராமல் போனால் நீதிமன்ற அவமதிப்பாகப் போய் முடியலாம். வீடு வைத்திருப்பவர் என்றால் நிலத்தின் மேல் ரிட் (சொத்தின் மேல் உங்கள் பாக்கியைப் பதிய வைக்கும் நீதிமன்ற ஆணை) போட்டு வைக்கலாம். ஆறு வருடம் நிற்கும், புதுப்பிக்கலாம். அதற்குள் அவர் வீட்டை விற்கவோ கடன் மாற்றவோ போனால் உங்கள் பாக்கி குறுக்கே வந்து நிற்கும்.

பணம் வரவர எந்தத் தேதி எவ்வளவு என்று எழுதி வாருங்கள். முழுதும் வந்து சேர்ந்தவுடன் கார்னிஷ்மென்ட்டை நிறுத்தும் அறிவிப்பு, படிவம் 20ஆர், அவருடைய கம்பெனிக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். அதை அனுப்ப வேண்டியவரும் நீங்கள்தான்.